குதிரையைப் படிக்கப் போகிறான் தம்பி

உசிலம்பட்டிப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில், பன்னிரண்டாவது படிக்கும் தம்பி ஒருவன் "குதிரையைப் பத்திப் படிக்கணும்ணே" என்றான். அறையே சிரித்தது. "பந்தயக் குதிரையக் கழுவுறதுக்கு எதுக்குடா படிப்பு?" என்றான் பக்கத்தில் இருந்தவன். நாங்களும் சிரித்தோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எல்கைப் பந்தயத்தில் குதிரைக்குக் கொள்ளு வைப்பதும் லத்தி அள்ளுவதும் நம் தெருப் பையன்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். கோப்பை வாங்கும் கை வேறு தெருவுடையது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகும், 2006 வரை அந்த நாற்காலியில் நம்மவர் ஒருவரை நிலைக்க விடவில்லை. நாற்காலிக்கே அந்தப் பாடு என்றால் குதிரை முதுகுக்கு?

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 2018 மார்ச்சில் 21 வயது தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறிப் போனதும்தான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வட மாநிலங்களில் தலித் மாப்பிள்ளை குதிரையில் வர போலீஸ் காவல் கேட்க வேண்டியிருக்கிறது. மாரி செல்வராஜ் தன் முதல் படத்துக்குப் ‘பரியேறும் பெருமாள்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

ஆனால் ஏறுவதோடு விஷயம் முடியவில்லை. குதிரைக்கு வயிற்றுவலி கண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஊசி போட வரும் டாக்டர் சொல்வதைத்தான் முதலாளியும் கேட்பார். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அது முதலில் யாரைத் தொடும்? லாயத்தில் படுத்துக் கிடப்பவரைத்தான். அவர் வீட்டிலிருந்து ஒருவர் அந்த நோயைப் படிக்க வேண்டாமா?

குதிரை அறிவியல் என்று தனிப் பட்டம் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருக்கிறது. செலவு நமக்கு எட்டாது. நம் வழி கால்நடை மருத்துவம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் தேனியிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதம். முடித்தால் ராணுவத்தின் கால்நடைப் பிரிவில் அதிகாரியாகலாம். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் மாதிரியான இடங்களுக்கும் போகலாம். மற்ற தம்பி தங்கைகளே, உயிரியல் பாடம் இல்லாமல் இந்தக் கதவு திறக்காது. பத்தாவது முடித்ததும் குரூப் எடுக்கும்போதே யோசியுங்கள்.

தம்பி உயிரியல் எடுத்திருக்கிறான். 7.5 ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். அவன் நடுவில் ஒரு பள்ளி மாறியிருக்கிறான். திங்கட்கிழமை அவனோடு அங்கே போகிறோம். அன்று சிரித்தவனும் வருகிறேன் என்றிருக்கிறான்.