மீன் பிழைக்குது, பவளம் மட்டும் ஏன் சாகுது? (த்ரெட்)

மக்களே, இன்னிக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. உப்புத்தண்ணி மீன்தொட்டி. சிரிக்காதீங்க, கடைசில மருத்துவம் வரும்.

திருவண்ணாமலையில இருந்து புதுச்சேரி கடலுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல. ஆனாலும் நம்ம ஊர்ல சில வீட்டு ஹால்ல குட்டிக் கடல் ஓடிட்டு இருக்கு. செயற்கை கடல் உப்பை ஆர்ஓ தண்ணில கலக்கி, மேல நீல எல்இடி லைட் போட்டு வளர்க்கறாங்க.

ஓபிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்த ஒரு தம்பி, தைராய்டு ரிப்போர்ட் பேசி முடிச்சதும் போன்ல அவர் தொட்டியைக் காட்டினார். "சார், மீனெல்லாம் நல்லா இருக்கு. பவளம் மட்டும் ஒண்ணொண்ணா செத்துட்டு இருக்கு. காரணமே தெரியல."

காரணமே தெரியலன்னு யார் சொன்னாலும் நான் லேசுல நம்பமாட்டேன். பெரும்பாலும் சரியான கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டாங்க. இவர் அதுக்குள்ள கால்சியம், மக்னீசியம், அயோடின், பாக்டீரியான்னு நாலு பாட்டில் ஊத்தி முடிச்சிருந்தார். காய்ச்சலுக்கு மெடிக்கல்ல சொல்லி அஞ்சு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வர்ற கேஸ் மாதிரிதான். எது கேட்டுச்சு, எது கெடுத்துச்சுன்னு அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. முதல்ல பாட்டிலை எல்லாம் மூடி வைக்கச் சொன்னேன்.

அடுத்து, செத்ததா, வெளுத்ததா? ரெண்டும் வேற. பவளம் ஒரு விலங்கு. அதோட உடம்புக்குள்ள நுண்பாசி குடியிருந்து சோறு போடுது. சூடு ஏறினா பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிடும், நிறம் போய் எலும்பு வெள்ளையா தெரியும். ஆனா கண்ணாடி மாதிரி சதை அது மேல ஒட்டியே இருக்கும். சீக்கிரம் சூடு தணிஞ்சா பிழைக்கும். சதையே உரிஞ்சு போனாதான் மரணம்.

இது பெரிய அளவுல நம்ம கடல்லயே நடக்குது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுகளைச் சுத்தி மன்னார் வளைகுடா பவளப்பாறைகள் இருக்கு. 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் வெட்டி எடுத்தாங்க. அது ஒரு வழியா நின்னுச்சு. 1998, 2010, 2016-னு வெப்பம் வந்து வெளுக்க வெச்சுது. கடல் சூடாறதுக்குத் தொட்டி வெச்சவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அங்க இருந்து ஒரு துண்டு உடைச்சு வந்தா அது குற்றம். பாறை கட்டுற கல்பவளம் மொத்தமும், கடல் விசிறியும், கருப்புப் பவளமும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. புலிக்கு இருக்கற அதே அட்டவணை. குறைஞ்சது 3 வருஷம் ஜெயில். "ஆன்லைன்ல வித்தாங்க சார்"னு சொன்னா கோர்ட்ல எடுபடாது. என்னைக் கேட்டா கல்பவளம் வீட்டுக்கே வேண்டாம். தம்பிகிட்ட இருந்தது ஸோவாந்திட், மஷ்ரூம், லெதர் மாதிரி ரகங்கள். இந்தப் பட்டியல்ல வராது.

சரி, கேஸுக்கு வருவோம். "நத்தை, இறால் இருந்துச்சா?" "முதல்ல அதுங்கதான் சார் போச்சு." அங்கதான் விடை இருக்கு. சூடோ, ஆக்சிஜன் குறைவோ காரணம்னா மீனும் சேர்ந்துதான் கஷ்டப்படும். முதுகெலும்பு இல்லாததை மட்டும் பொறுக்கி எடுக்குதுன்னா ரெண்டு பேர்மேல சந்தேகம். ஒண்ணு கொசு மருந்து. லிக்விட் ஆனாலும் ஸ்பிரே ஆனாலும் ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேரா தண்ணிக்குள்ளதான் விடும். அது மீனுக்கும் விஷம்தான், இறாலுக்கு இன்னும் சீக்கிரம். இவர் வீட்ல வலைதான், மருந்து இல்ல.

ரெண்டாவது ஆள் செம்பு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தா காப்பர் மருந்துதான் போடுவாங்க, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுல. அந்த அளவை மீன் தாங்கும். பவளம், நத்தை, இறால் தாங்காது. "மருந்து எதுவும் போடல சார்." அப்போ தண்ணி எங்க பிடிக்கறீங்க?

கிச்சன்ல மாட்டின வாட்டர் ப்யூரிஃபையர். புதுசு. "உடம்புக்கு நல்லது"ன்னு செம்பு சேர்த்துக் குடுக்கற மாடல்!

இந்த விளம்பரத்தைப் பத்தி என் கருத்தையும் சொல்லிடறேன். சாதாரணமா சாப்பிடற ஆளுக்கு செம்புப் பற்றாக்குறை வர்றது அபூர்வம். பருப்பு, கொட்டை, தானியம் எல்லாத்துலயும் இருக்கு. பாட்டி செம்புச் சொம்புல தண்ணி வெச்சாங்கன்னா அது பழக்கம். அதைக் கார்ட்ரிட்ஜ் ஆக்கி விக்கிறது வியாபாரம். நம்ம குடிநீர் தரநிலை செம்பை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்ல நிறுத்துது, வேற தண்ணியே இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் விடுது. அதாவது மனுஷன் தாராளமா குடிக்கற தண்ணில ஒரு பவளம் செத்துப்போகும். ரெண்டு பேருக்கும் "சுத்தம்" ஒண்ணு இல்ல. போதாததுக்கு ஆவியாகிற தண்ணிக்கு தினமும் அதே தண்ணியை ஊத்தறோம். தண்ணி போயிடும், செம்பு போகாது, சேர்ந்துட்டே இருக்கும்.

காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தார். இருந்துச்சு. இனி மினரல் கார்ட்ரிட்ஜ் எதுவும் இல்லாத, டிடிஎஸ் பூஜ்யம் காட்டுற தண்ணி. வாரம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். கூடவே ஆக்டிவேட்டட் கார்பன், செம்பை உறிஞ்சற ரெசின். பாறையும் மணலும் செம்பைப் பிடிச்சு வெச்சு மெதுவா விடும், அதனால மாசக்கணக்கு ஆகும்.

அப்போதான் அவர் கேட்டார். "பாறையை எடுத்து வெந்நீர்ல கொதிக்க வெச்சுடவா சார்?"

இந்த த்ரெட் எழுதினதே இந்தக் கேள்விக்காகத்தான். கூடவே கூடாது. ஸோவாந்திட் வகைகள் சிலதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு. நம்ம செல்லுல சோடியத்தை வெளியேத்தி பொட்டாசியத்தை உள்ள எடுக்கற பம்ப் இருக்கே, அதை இது திறந்த கதவு ஆக்கிடும். கொதிக்க வெச்சாலோ, வெந்நீர் ஊத்தித் தேய்ச்சாலோ ஆவியோட கலந்து மூச்சுல போகும். 2018-ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு வீட்ல தொட்டியைச் சுத்தம் பண்ணப் போய், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் 4 பேரோட சேர்த்து 10 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. முறிவு மருந்து கிடையாது. ஆக்சிஜன், நெபுலைசர், கண்காணிப்புதான்.

பாறையைத் தொடணும்னா கையுறை, கண்ணாடி. கையில வெட்டுக்காயம் இருந்தா தொடவே வேண்டாம். உலர வெச்சு பிரஷ் போடாதீங்க. தொட்டி வேலை பார்த்த சில மணி நேரத்துல வீட்ல பல பேருக்கு ஒண்ணா காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி, வாயில உலோகச் சுவை வந்தா எல்லாரும் வெளியே வந்துட்டு எமர்ஜென்சிக்குப் போங்க. போனதும் டூட்டி டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "பவளப்பாறை கழுவினோம்"னு சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா அவர் அதை வைரல் காய்ச்சல்னுதான் எழுதுவார்.