வழிபாடா, தூண்டிலா?

இராயபுரம் என்னும் பெயரை நாம் தினந்தோறும் சொல்லுகிறோம். அந்த இராயர் யார் என்று கேட்டால், விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயராக இருக்குமோ என்று சிலர் யோசிக்கக் கூடும். அவருக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. ஏசுநாதரின் தலைமைச் சீடராகிய பீட்டர்தான் அந்த இராயர் என்று சொல்லுகிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பீட்டரை இராயப்பர் ஆக்கினார்கள். பவுலைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். இவ்வளவு அழகாகத் தமிழ் உடுத்திக்கொண்டவர்களை அயல் நாட்டார் என்று யார்தான் சொல்ல முடியும்?

சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால் கப்பல்கள் கரையை அண்ட முடியாமல் நடுக்கடலில் நிற்கும். மலை மலையாய் எழும் அலைகளைத் தாண்டிச் சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகுக்காரர்கள். அவர்களில் கிறிஸ்தவர்களாயிருந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்கள் பொது நிதியைக் கொண்டு எழுப்பியதுதான் இராயபுரத்து இராயப்பர் கோயில். ஏசுநாதரின் சீடர் பலருள் மீன் பிடிக்கும் தொழிலாளியாகிய ஒருவரைப் படகோட்டிகள் தங்கள் காவலராகத் தெரிந்து கொண்டது இயல்பே.

இந்தக் கோயிலை முன்னிட்டு இந்த வாரம் ஒரு கேள்வியை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கிறிஸ்தவரல்லாதாரைக் கவர்வதற்காகக் கிறிஸ்தவ ஆலயங்கள் தங்கள் வழிபாட்டு முறையை மாற்றிக் கொள்ளலாமா? குத்துவிளக்கு ஏற்றலாமா? ஆரத்தி எடுக்கலாமா? பஜனை பாடலாமா? அல்லது இளைஞர்களுக்கு உகந்தபடி கித்தாரும் முரசும் வண்ண விளக்குகளுமாக மேடை அமைக்கலாமா? இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று பிறர் இருந்துவிட முடியாது. கவர்ந்து இழுக்கப்பட வேண்டியவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அவர்கள்தானே! மீன்களையும் ஒரு வார்த்தை கேட்பது நியாயம் அல்லவா?

மாற்ற வேண்டும் என்பவர்களின் கட்சியை முதலில் பார்ப்போம். அது லேசான கட்சியன்று. ஆலயத்துக்குள் அந்நியன் ஒருவன் வந்தால் அங்கே பேசப்படுவது அவனுக்கு விளங்க வேண்டும் என்று சின்னப்பரே கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில் வற்புறுத்தியிருக்கிறார். ஆனால் நம் நாட்டில் நடந்தது என்ன? 1960-கள் வரையில் கத்தோலிக்கக் கோயில்களில் பூசை லத்தீன் மொழியில் நடந்தது. இராயபுரத்துப் படகோட்டி தன் கூலிப் பணத்தில் கட்டிய கோயிலில், தன் சுவாமியிடம் குருவானவர் என்ன சொல்லுகிறார் என்று தெரியாமலே முழந்தாளிட்டான். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த நிலையை மாற்றிற்று. பூசை தமிழுக்கு வந்தது. இதைத் தவறென்று யார் சொல்வார்கள்?

அதற்குப் பிறகு 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டுக் கொண்டபடி பன்னிரண்டு மாறுதல்களுக்கு ரோமாபுரி அனுமதி அளித்தது. காலணியைக் கழற்றித் தரையில் அமர்வது, மண்டியிடுவதற்குப் பதிலாகக் கை கூப்புவது, மெழுகுவத்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றுவது, ஆரத்தி எடுப்பது, முத்தமிடுவதற்குப் பதிலாகப் பொருளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுக்காகப் பெரிதும் உழைத்தவர் பெங்களூரில் நிலையம் அமைத்துப் பணியாற்றிய அமலோர்பவதாஸ் அடிகளார் (1932–1990). அவர் தமிழர்.

இந்தப் பன்னிரண்டு மாறுதல்களுக்கு இரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியதுதான் வேடிக்கை. "எங்களை ஹிந்துக்களாக்கப் பார்க்கிறார்கள்" என்றார்கள் சில கிறிஸ்தவர்கள். "எங்கள் விளக்கையும் காவியையும் இரவல் வாங்கி எங்களையே பிடிக்கப் பார்க்கிறார்கள்" என்றார்கள் சில ஹிந்துக்கள். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் முதலிய ஆசிரமங்களைக் கண்டித்து, 1988-இல் சீதாராம் கோயல் என்னும் எழுத்தாளர் ஒரு நூலே வெளியிட்டார். இத்தனைக்கும் அந்த ஆசிரமத்துத் துறவிகள் ஆள் சேர்ப்பதற்காக அங்கே வந்தவர்கள் அல்லர். தியானம் செய்வதற்காக வந்தவர்கள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஏன்?

காரணம் பழையது. அதை அறிய மதுரைக்குப் போக வேண்டும். 1606-இல் அங்கே வந்து சேர்ந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி (1577–1656) காவி உடுத்தார், சந்தனம் பூசினார், பூணூல் அணிந்தார், புலால் உண்பதை விட்டார், தமிழும் சம்ஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். "பறங்கி மார்க்கம்" என்று உயர் ஜாதியார் ஒதுக்கி வைத்திருந்த மதத்தை அவர்களும் காது கொடுத்துக் கேட்கும்படி செய்தார். அவருடைய சபையைச் சேர்ந்த மற்றொரு பாதிரியாரே அவர்மீது புகார் எழுதினார். 1623-இல் போப் 15-ஆம் கிரெகோரி நொபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். பின்னர் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்ற போப்பின் தூதர் 1704-இல் இத்தகைய வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தார். 1744-இல் போப் 14-ஆம் பெனடிக்ட் அந்தத் தடையைப் பெரும்பாலும் உறுதி செய்தார். அனுமதித்தும் தடுத்தும் இந்த வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

நொபிலியின் தமிழ்ப் பற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் செய்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. பிராமணரைக் கவர வேண்டுமானால் பிராமணரைப் போல வாழ வேண்டும். அப்படி வாழ வேண்டுமானால் மற்றவர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும். ஆகவே தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டார சுவாமிகள் என்று வேறு வகைக் குருமார் ஏற்பட்டார்கள். இரையைத் தெரிந்தெடுக்கும்போதே எந்த மீன் வேண்டும், எது வேண்டாம் என்பதும் தீர்மானமாகி விடுகிறது! இந்தப் போக்கு பின்னால் எங்கே கொண்டு போய் விட்டது என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயில் சாட்சி. இரண்டு ஜாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை நோக்கி வழிபடுவதற்காகக் கால்சட்டையைப் போல இரு பிரிவாகக் கட்டப்பட்ட கோயில் அது. நடுவிலிருந்த தடுப்பு 1910-இல்தான் அகன்றது. அதற்கும் கோர்ட்டு வரையில் போனார்கள்.

ஆகையால் வழிபாட்டை மாற்றலாமா என்ற கேள்விக்குள் யாருக்காக மாற்றுவது என்ற வேறொரு கேள்வி ஒளிந்து கொண்டிருக்கிறது. இதைத் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). குத்துவிளக்கும் கர்நாடக ராகமும் மட்டுந்தானா தமிழ்ப் பண்பாடு என்று அவர் கேட்டார். கிராமத்து மெட்டில், வயலில் உழைப்பவர்களின் பேச்சில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். இழிவென்று ஒதுக்கப்பட்ட கிராமிய இசைக்கு இறைவன் சந்நிதியில் இடம் உண்டு என்று நிலைநாட்டினார். வெளியாரைக் கவர்வது அவருடைய முதல் நோக்கமன்று. ஆலயத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தும் வாய் திறக்க வழியில்லாதிருந்த ஏழைக் கிறிஸ்தவனுக்கு அவனுடைய சொந்தக் குரலையே திருப்பிக் கொடுத்தார்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியதும் ஊரார் மனத்தைக் கலைக்க அன்று. தமிழனாய்ப் பிறந்தவன் தன் சுவாமியைப் பாட எண்ணினால் வேறு எப்படிப் பாடுவான்? அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடுகிறார்கள்.

இனி மேல்நாட்டுக்குச் சற்றுப் போய் வரலாம். 1975-இல் சிகாகோவுக்கு அருகே வில்லோ க்ரீக் என்று ஒரு சபை தொடங்கப்பட்டது. அதன் ஸ்தாபகர்கள் வீடு வீடாகச் சென்று, "நீங்கள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை?" என்று விசாரித்தார்கள். கிடைத்த பதில்களுக்கு ஏற்றபடி ஆராதனையை அமைத்தார்கள். நாடகம், நாகரிக இசை, நாடக சாலையைப் போன்ற சொகுசு ஆசனங்கள் எல்லாம் வந்தன. ஆயிரக்கணக்கில் ஜனங்களும் வந்தார்கள். உலகமெங்கும் அதைப் பார்த்து நகல் எடுத்தார்கள். 2007-இல் அந்தச் சபையாரே தங்களைப் பரிசோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்து கொள்வதனால் மட்டும் ஒருவருடைய பக்தி வளர்வதில்லை என்று அதில் ஒப்புக் கொண்டார்கள். கூட்டம் சேர்ப்பது ஒன்று, பக்தி வளர்ப்பது மற்றொன்று என்பதை நம் ஊர்ப் பாட்டிமார்கள் எந்த அறிக்கையும் இல்லாமலே அறிவார்கள்.

கூட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. இராயபுரத்துக்கு அடுத்த ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரத் தெரு இருக்கிறது. அங்கே உள்ள மாதா கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாரைத் தரிசிக்க ஜனங்கள் திரளுகிறார்கள். அவர்களில் ஹிந்துக்கள் எத்தனையோ பேர். வெள்ளிக்கிழமையன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் நின்ற அதே தாய்மார்கள்தான் செவ்வாய்க்கிழமை இங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இவர்களை யார் கவர்ந்து இழுத்தார்கள்? அந்தோணியார் பதுவா நகரத்துத் துறவியின் அங்கியோடுதான் நிற்கிறார். பஞ்சகச்சம் கட்டிக் கொள்ளவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், கணவனுக்கு வேலையில்லை, கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்ற துயரங்களே அவர்களை அங்கே அழைத்து வந்தன. கதவு திறந்திருந்தது, நீ யார் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

அதே இராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில், 1910-இல் கட்டப்பட்ட பார்ஸிகளின் அக்கினி ஆலயம் ஒன்று இருக்கிறது. பார்ஸி அல்லாதார் அதற்குள் போவதில்லை. அவர்களும் யாரையும் அழைப்பதில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக மாதாவின் பெயர் கொண்ட தெருவில் அக்கினி பகவான் சுகமாகக் குடியிருக்கிறார். ஒருவர் எல்லோருக்கும் கதவைத் திறக்கிறார்; ஒருவர் சாத்தி வைக்கிறார். இரண்டையும் அந்தப் பேட்டை ஜனங்கள் மதிக்கிறார்கள். இரண்டிலும் ஒளிவு மறைவு இல்லை என்பதே காரணம்.

மதிப்பு எங்கே குலைகிறது? வழிபாட்டுக்குள் வேறொரு நோக்கம் நுழையும்போது குலைகிறது. 1916 பிப்ரவரியில் சென்னையில் கூடிய பாதிரிமார் மகாநாட்டில் காந்தி மகான் சுதேசியைப் பற்றிப் பேசினார். மதம் மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டுத் தொண்டு செய்யுங்கள் என்பதே அவர் கூறியதன் சாரம். அதை முழுமையும் ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவர்கள் உண்டு. தாங்கள் கண்ட உண்மையைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவர்களுக்கு அளித்திருக்கிறது. எடுத்துச் சொல்லும் உரிமை வேறு, பிறரை மதம் மாற்றும் உரிமை வேறு என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2002-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் பலவந்தத்தாலும் ஆசை காட்டியும் மதம் மாற்றுவதைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 2004-இல் அதை விலக்கிக் கொண்டது. சட்டம் வந்தது, போயிற்று. ஆனால் ஆசை காட்டுகிறார்கள் என்ற சந்தேகம் போகவில்லை. ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு வீட்டாருக்கிடையே அந்தச் சந்தேகம் புகுந்து விட்டால், அதை எந்தக் கோர்ட்டும் வெளியேற்ற முடியாது.

ஏசுநாதர் இராயப்பரை மனிதர்களைப் பிடிக்கிறவர் ஆக்குவதாகச் சொன்னாரே, அது வலையல்லவா, தூண்டில் அல்லவே என்று யாராவது வாதிக்கலாம். மீனைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும்!

ஆகவே நம்முடைய அபிப்பிராயம் இதுதான். ஆலயத்தார் வழிபாட்டை மாற்றலாம். பல விஷயங்களில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாறுதலுக்கும் முன்னால் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளட்டும். வெளியார் ஒருவர்கூட இந்த வாசற்படியை மிதிக்கப் போவதில்லை என்று தெரிந்தாலும் இந்த மாறுதலைச் செய்வோமா? 'செய்வோம், எங்கள் தாய்மொழி இது, எங்கள் தாளம் இது, எங்கள் பக்தி இப்படித்தான் பேசும்' என்று பதில் வந்தால், விளக்கை ஏற்றட்டும், பறையையும் முழக்கட்டும், யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. 'செய்ய மாட்டோம், ஆள் வருவதற்காகத்தான் செய்கிறோம்' என்று பதில் வந்தால், அதன் பெயர் விளம்பரம். கடைக்கு அது பொருந்தும்; கோயிலுக்குப் பொருந்தாது.

இந்தச் சோதனை மற்ற மதத்தாருக்கும் ஏற்றதே. ஒலிபெருக்கி வைக்கும் நம் உற்சவக் கமிட்டிகளும் ஒரு தடவை இதைச் செய்து பார்க்கலாம். கேட்பவர் யாருமே இல்லை, கடவுள் ஒருவர்தான் என்றால், இவ்வளவு உரக்கக் கத்துவோமா?