ஆமையைப் படம் எடுங்கள், கையில் எடுக்காதீர்கள்



மழை பெய்தால் முள்காட்டு ஓரங்களில் நட்சத்திர ஆமைகள் மேய வரும். கண்டால் படம் எடுப்பீர்கள். எடுங்கள். ஆனால் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, படத்துக்காக அதைத் தூக்காதீர்கள். பயந்து தலையை இழுத்துக்கொண்டால் படத்தில் வெறும் ஓடுதான் விழும். சற்றுத் தள்ளிக் குனிந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். தானே தலை நீட்டி நடக்கும். நான் அப்படித்தான் எடுக்கிறேன். முழங்கால் வலிக்கும், படம் நன்றாக வரும்.

இரண்டு, எந்த ஊர், எந்தக் காடு என்று எழுதாதீர்கள். வெளிநாடுகளுக்கு அதிகம் கடத்தப்படும் ஆமைகளில் இதுவும் ஒன்று. நாம் ஆசையாகப் போடும் படம் கடத்துபவனுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடும்.

அதிர்ஷ்டம் என்று தொட்டியில் வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சோறும் ரொட்டியும் போட்டு வளர்த்தால் ஓடு கோணிப்போகும். ஓடு அதற்குச் சட்டை அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்த உடம்பு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். உண்மையில் வீடு புகுந்த ஆமைதான் உருப்படுவதில்லை.

பிள்ளைகளுக்கு அருகில் காட்ட வேண்டுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். அல்டாப்ரா ராட்சத ஆமையையே அங்கே பார்க்கலாம். அறிந்தவர்கள் பராமரிப்பது வேறு, ஆசைக்காக நாம் அடைத்து வைப்பது வேறு.

எடுத்த படங்களை எனக்கும் அனுப்புங்கள். ஊர் பெயர் மட்டும் வேண்டாம்.