நோவு தீர்க்கும் மருந்தும் நோயாளியின் பாதுகாப்பும்

நோயாளிகளைச் சந்திக்க வைத்தியசாலைக்குச் செல்லும்போது இரண்டு காட்சிகளை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம். ஒரு கட்டிலில் புற்றுநோயால் துடிக்கும் தாய்க்கு மோர்பின் கொடுக்க வைத்தியர் ஆயத்தமாகிறார். "அது போதை மருந்து, வேண்டாம் ஐயா" என்று பிள்ளைகள் தடுக்கின்றனர். இன்னொரு கட்டிலில், சத்திரசிகிச்சை முடிந்த தகப்பன் மோர்பின் ஊசியின் பின் குறட்டைவிட்டு உறங்குகிறார். "பாவம், நல்லாய் நித்திரை கொள்ளட்டும்" என்று வீட்டார் அவரைத் தொடவும் விடுவதில்லை. முதலாவது வீண் அச்சம். இரண்டாவது அறியாமை. இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன.

மோர்பின் அபினிச் செடியின் பாலிலிருந்து பெறப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ட்டூர்னர் என்ற ஜேர்மனிய மருந்தாளர் அதனைப் பிரித்தெடுத்தார். 1986இல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோயாளரின் கடும் நோவுக்கு அதனை வாய்வழியாக, நேரம் தவறாமல் கொடுக்குமாறு வழிகாட்டியது. நோவைச் சகித்தே ஆகவேண்டும் என்று திருச்சபையும் கற்பிக்கவில்லை. 1957 பெப்ரவரியில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், வேறு வழியில்லாதபோது கடும் நோவைத் தணிக்க இத்தகைய மருந்துகளைக் கொடுப்பது நியாயமே என்று தெளிவாகக் கூறினார்.

அடிமையாகிவிடுவோமே என்ற பயம் முற்றிலும் காரணமற்றதல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இவ்வகைக் குளிசைகளை அளவுகணக்கின்றி எழுதிக் கொடுத்ததால் பெரும் அழிவு நேர்ந்தது. ஆனால் வைத்தியரின் கண்காணிப்பில், கடும் நோவுக்காகச் சில நாட்கள் பெறுபவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அடிமையாவதில்லை. ஆகவே, கொடுப்பதா இல்லையா என்பது மட்டும் கேள்வியல்ல. கொடுத்தபின் யார் பார்த்திருப்பது என்பதே பெரிய கேள்வி.

கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீரின்றிப் பயிர் வாடும். ஆனால் மடையைத் திறந்துவிட்டு உறங்கப் போனால் வரம்பு உடையும். மடை திறந்தவன் வரம்பில் நிற்கவேண்டும். மோர்பினும் அவ்வாறே. நோவைத் தணிக்கும் அதே மருந்து, அளவு மிஞ்சினால் மூச்சை நடத்தும் மூளைப் பகுதியையும் மந்தமாக்கும். இது பெரும்பாலும் திடீரென நிகழ்வதில்லை. முதலில் உறக்கம் ஆழமாகும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மூடும். அதன்பின்னரே மூச்சுக் குறையும். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் 24 மணித்தியாலங்களே, விசேடமாக இரவுவேளையே, கூடிய கவனத்துக்குரியது.

இங்கேதான் குறட்டை நம்மை ஏமாற்றுகிறது. அது நல்ல நித்திரையின் அடையாளமல்ல, மூச்சுவழி பாதி அடைபட்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். விரலில் மாட்டும் கருவியும் சிலவேளை ஏமாற்றும். ஒட்சிசன் பெறும் நோயாளியின் மூச்சுக் குறைந்த பின்னரும் அது சிறிது நேரம் நல்ல இலக்கத்தையே காட்டக்கூடும். ஆகவே நெஞ்சைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். 10க்குக் குறைந்தாலோ, கூப்பிட்டும் தட்டியும் எழும்பாவிட்டாலோ உடனே தாதியை அழையுங்கள். வெட்கப்படவோ, ஏசுவார்கள் என்று தயங்கவோ வேண்டாம். நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. அதன் பலன் மோர்பினின் பலனுக்கு முன்னரே தீர்ந்துவிடக் கூடுமாதலால், கண் விழித்த நோயாளியையும் தொடர்ந்து பார்த்திருக்கவேண்டும்.

எமது மக்கள் வைத்தியருக்கு மறைக்கக்கூடாத சில உண்மைகள் உள்ளன. மோர்பினின் எச்சங்கள் சிறுநீரகங்கள் வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு அவை உடலில் சேர்ந்து ஆபத்தாகும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாப் பகுதிகளிலும் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயை நாம் அறிவோம். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் இதை வாயாலேனும் சொல்லவேண்டும். நித்திரைக் குளிசை, மதுப்பழக்கம், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் ஆகியவற்றையும் சொல்லவேண்டும். மது குடிப்பதைச் சொல்வது மானக்கேடல்ல, மறைப்பதே உயிருக்குக் கேடு.

வைத்தியசாலைகளிடம் நாம் விலையுயர்ந்த இயந்திரங்களைக் கேட்கவில்லை. இம்மருந்து பெறும் ஒவ்வொருவரின் உறக்க நிலையும் மூச்சும் இரவிலும் ஒழுங்காகப் பார்த்துக் குறிக்கப்படவேண்டும். நலோக்சோன் பூட்டிய களஞ்சியத்தில் அல்ல, விடுதியிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இதற்குப் போதிய தாதியர் வேண்டும். ஒரு விடுதி முழுவதையும் ஓரிரு தாதியரிடம் விட்டுவிட்டு, தவறு நேர்ந்தபின் அவர்களையே குற்றஞ்சாட்டுவது நீதியல்ல. கிராம மட்டச் சங்கங்கள் வீதிக்கும் குளத்துக்கும் மனுக் கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கவேண்டும் என்பது எமது கருத்து.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்துக்கும் இதே கவனம் வேண்டும். ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் வாழும் இடங்களில் அதனைப் பூட்டி வையுங்கள். ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். நோவு கூடினால் நீங்களாகவே அளவைக் கூட்டாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். நீண்டநாள் எடுப்பவர் திடீரென நிறுத்தலாகாது. மலச்சிக்கல் வருவது வழக்கம், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். மிஞ்சியதை வைத்தியசாலையில் ஒப்படையுங்கள்.

நல்ல சமாரியன் அடிபட்டவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அவன் அத்துடன் போய்விடவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுசென்று பராமரித்தான். மறுநாள்தான் புறப்பட்டான், அப்போதும் பணம் கொடுத்து, பார்த்துக்கொள்ளும்படி சொல்லிச் சென்றான். மருந்து வார்ப்பது இரக்கத்தின் தொடக்கம். இரவு முழுவதும் பக்கத்தில் விழித்திருப்பதே அதன் நிறைவு.