ஸ்க்ரூவைத் திருப்பினால் போதுமா?

காரை வாங்கி ஓட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய காரிலிருந்து எஞ்சினை எடுத்து, சேஸிஸை வெல்டிங் செய்து, தானே ஒரு காரைக் கட்டி ஓட்ட ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களிலேயே மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரைத்தான் கோவையின் கரி மோட்டார் ஸ்பீடுவே தாங்கி நிற்கிறது.

பந்தயக் காரிடம் யாரும் புகைச் சான்றிதழ் கேட்பதில்லை. ரோட்டில் ஓடும் காரிடம் கேட்பார்கள். வீட்டில் கட்டிய கார் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் இருமும், ஏறி இறங்கும், ஆஃப் ஆகும். புகை டெஸ்டில் எண் எகிறும். உடனே நம்ம ஆட்கள் செய்யும் முதல் வேலை என்ன? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்புவது!

இது வைத்தியமே இல்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவது மாதிரி. தாள் சரியாகிவிடும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

டெஸ்ட் தாளை ஒழுங்காகப் படித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை அனுமதி. பாரத் ஸ்டேஜ் 4-ல் அதுவே 0.3 சதவீதம், 200 பிபிஎம். மோனாக்சைடு எகிறினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. ப்ளக், டைமிங், வால்வ் இடைவெளி, காற்றுக் கசிவு இவற்றில் ஒன்றில் கோளாறு. இரண்டுக்கும் ஒரே ஸ்க்ரூ எப்படி மருந்தாகும்?

வீட்டில் கட்டிய காரில் கசிவுக்கு இடங்கள் ஏராளம். வேறு காரிலிருந்து வந்த மேனிஃபோல்டு, பொருந்தாத கேஸ்கட், மூடாமல் விட்ட வேக்குவம் ஹோஸ்... இவை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் என்றால் இன்னொரு வேடிக்கை. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பின் வெல்டிங்கில் ஓட்டை இருந்தால், வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றும். ஆகவே முதலில் கசிவு, பிறகு ப்ளக், டைமிங், வால்வ். ஸ்க்ரூ கடைசி.

மலை ஏறினால் கதை இன்னும் மாறும். சேலத்தில் ட்யூன் செய்த கார்புரேட்டர் கார், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போய் செம்மநத்தம் பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்காடு உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பெட்ரோல் விகிதம் கூடும், ப்ளக்கில் கரி படியும், ஐட்லிங் தடுமாறும். அங்கேயே ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்தால், கீழே இறங்கியதும் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். ஆக, ஸ்க்ரூ சொல்லும் உண்மை அந்த ஊருக்கு, அந்த நேரத்துக்கு மட்டும்தான். ஆனால் சான்றிதழோ மாதக்கணக்கில் செல்லும்! இடையில் அந்தப் புகையைச் சுவாசிப்பது ரோட்டோரத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். லாபம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. ஜுகாட் வண்டிகளும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் ஒரே ஒரு காரை ஒழுங்காகக் கட்டி, முறைப்படி சோதனைக்குக் கொண்டுவர நினைக்கும் தனி ஆளுக்கு இங்கே எளிய வழி இல்லை. சென்னை அருகே ஒரகடத்தில் பெரிய சோதனை மையம் இருந்தும், விதிகள் கம்பெனிகளை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைத் தனியாகச் சோதித்து அனுமதிக்கிறார்கள். எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டதோ, அந்த ஆண்டுக்குரிய புகை அளவுதான் அதற்கு. அதே முறை இங்கே வந்தால் ஒளித்து ஓட்ட வேண்டிய அவசியம் குறையும்.

வழி திறக்க வேண்டியது அரசு. கசிவைத் தேட வேண்டியது காரைக் கட்டியவர். காரையே கட்டத் தெரிந்த கைக்கு ஒரு கேஸ்கட் மாற்றுவது பெரிய காரியமா என்ன?