சினானிம் படம் அனுப்புகிறவர்களுக்கு

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் யாராவது ஒருவர் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார். இடப்பக்கம் சிவப்பில் ‘இதைச் சொல்லாதே’, வலப்பக்கம் பச்சையில் ‘இதைச் சொல்’. தின் வேண்டாமாம், ஸ்கின்னி சொல்லணுமாம். ஆங்ரி வேண்டாமாம், பிஸ்ட் சொல்லணுமாம். ஃபேமஸுக்குப் பதில் நொட்டோரியஸாம்! அனுப்புகிறவர்களில் என் பழைய மாணவர்களும் உண்டு. “சார், உங்க ஞாபகம் வந்துச்சு” என்று வேறு.

ஐயா, இதற்குப் பெயர் ஆங்கிலம் கற்பிப்பது இல்லை. நாலு பேர் நடுவில் பிள்ளைகளை அவமானப்பட வைப்பது.

தின், ஸ்லிம், ஸ்கின்னி மூன்றும் ஒல்லியைத்தான் சொல்கின்றன. ஆனால் ஸ்லிம் என்றால் பாராட்டு. ஸ்கின்னி என்றால் எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்ற குறை. தின் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தமிழில் நமக்கு இது தெரியாதா? பெண் வீட்டாரிடம் “பையன் கொஞ்சம் ஒல்லி” என்று சொல்லலாம். “பையன் நோஞ்சான்” என்று சொன்னால் காபிகூட வராது.

நொட்டோரியஸ் கெட்ட பெயர் எடுத்தவனுக்கான சொல். சினானிமில் ஒரு மார்க்கும் விடாத ஒரு பையன், தலைமையாசிரியரின் பிரிவு உபசார விழாவுக்கு ‘அவர் நொட்டோரியஸ் ஹெட்மாஸ்டர்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். மேடை ஏறுமுன் என் கண்ணில் பட்டதால் பிழைத்தான். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது கைடு. பொதுத்தேர்வில்கூட சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். கைடுகாரர்கள் வாக்கியத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு சொல்லுக்கு நடுவே சமக்குறி போட்டு விற்கிறார்கள்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் தெசாரஸ் வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் வைக்காமல் கருத்து வாரியாக அடுக்கினார். மனதில் கருத்து இருக்கிறது, பொருத்தமான சொல்தான் அகப்படவில்லை என்பவர் தேடிப் பொறுக்கிக்கொள்வதற்காக. சொல்லே தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் அந்தக் கூடையைக் கவிழ்த்தால் அது என்ன செய்யும்?

ஸ்லாங் சமாசாரம் இன்னும் மோசம். பிஸ்ட் என்றால் அமெரிக்காவில் கோபம், இங்கிலாந்தில் குடிபோதை. எந்த ஊரிலும் மேலதிகாரிக்கு எழுதும் சொல் அல்ல. சிக் என்றால் நோய், இளவட்டங்கள் வாயில் அதுவே ‘பிரமாதம்’. ஆஃபுல், ஆசம் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. இன்று ஒன்று படுமோசம், மற்றது அற்புதம். நைஸ் ஒரு காலத்தில் மடையனைக் குறித்த சொல். (நம் ‘நாற்றம்’ நறுமணமாக இருந்து இன்றைய கதிக்கு வந்த மாதிரி, தலைகீழாக.)

நகரத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்குத் திருத்த வீட்டில் ஆள் உண்டு. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி வேலைக்கு மனு போடும் பிள்ளை அந்தப் பச்சைப் பக்கத்தை நம்பி எழுதும். பதில் வராது. ஏன் வரவில்லை என்றும் தெரியாது.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பேச்சு வழக்கு, இகழ்ச்சி, பிரிட்டன் வழக்கு என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். அடுத்த முறை படம் வந்தால், ஃபார்வர்டு பட்டனைத் தொடுமுன் இரண்டு சொல்லையும் அதில் தட்டிப் பாருங்கள்.