களமும் பத்தாயமும் விதைநெல்லும்

இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (இயற்பியல்)

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலம் மலையேறி, காந்தத் தட்டிலும் சிலிக்கான் சில்லிலும் எழுதும் காலம் வந்துவிட்டது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு எந்திரத்தில் ஐம்பது தட்டுகள் சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு டன். அத்தனையும் சேர்ந்து கொண்டது ஐந்து மெகாபைட்! இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதில் அடங்குமா என்பது ஐயம். இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள், எதை எங்கே வைப்பது என்ற சின்னக் கேள்வியில் தடுமாறுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங் செய்யவும் ஒரு கணினி வாங்க வேண்டும் என்பது நம் நண்பர்கள் பலரின் கனவு. பேருந்தில் காதில் விழுவதெல்லாம் அந்தப் பேச்சே. “எந்த எஸ்.எஸ்.டி. வேகம்? நொடிக்கு மூவாயிரத்து ஐந்நூறு மெகாபைட்டா, ஏழாயிரமா?” எடுத்த படம் ஐந்தாண்டு கழித்து இருக்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நம்மில் பலர் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி, 2011இல் அரசு தொடங்கிய திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த விலையில்லா மடிக்கணினிதான். அடுத்ததை வாங்கப் போவது சம்பா அறுவடைப் பணத்தில். அதில் பத்து ரூபாய் வீணானாலும் அப்பாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வன்தட்டு என்று நாம் ஏட்டில் எழுதலாம். கடையில் ஹார்டு டிஸ்க் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். அது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் வேறு. சிதறிக் கிடக்கும் ஆயிரமாயிரம் சிறு கோப்புகளைத் தேடித் திரட்டும் கேமுக்கு இந்தக் காத்திருப்பு பெருந்தொல்லை. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இது இல்லை. ஆகவே இயங்குதளமும் விளையாடும் கேமும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்கள் எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும் என்றே கேட்கின்றன. ஆனால் ஹார்டு டிஸ்கிலிருந்து சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது தெரியும் வேறுபாடு, அதிலிருந்து விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது பெரும்பாலான கேம்களில் தெரிவதில்லை. மூவாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெட்டியின் மேல் படிக்கலாம். கண்ணால் பார்ப்பது அரிது.

வீடியோ கணக்கு வேறு. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் 4கே படத்தை எடுத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். நொடிக்கு நூற்றைம்பது மெகாபைட் படிக்கும் சாதாரண ஹார்டு டிஸ்குக்கு இது சுண்டைக்காய்! ஆனால் ஒரு மணி நேரப் படம் 45 ஜிகாபைட். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 675 ஜிகாபைட். ஆக, வீடியோவுக்கு முதலில் வேண்டியது இடம், வேகம் அப்புறந்தான். நாலைந்து கேமராக்களை ஒருசேர ஓட்டி வெட்டும்போது மட்டும் அந்த வேலையை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிக்கொள்ளலாம்.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க நெல்லே போதும். களத்தில் போரடிக்கிறோம், தூற்றுகிறோம். ஆனால் களத்திலேயே நெல்லை விட்டுவைப்பதில்லை. பத்தாயத்தில் கொட்டுகிறோம். விதைநெல்லையோ பத்தாயத்து நெல்லோடு கலப்பதேயில்லை. எஸ்.எஸ்.டி. களம், ஹார்டு டிஸ்க் பத்தாயம். விதைநெல் என்பது, கணினியிலிருந்து கழற்றி வேறோர் இடத்தில் வைக்கும் இன்னொரு பிரதி. நண்பர்கள் போடும் பட்டியலில் இல்லாதது இந்த மூன்றாவதுதான்.

“ரெய்டு போட்டால் போதாதா?” என்று கணினி அறிவியல் நண்பர்கள் கேட்கக்கூடும். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற முறை அது. அதில் பூச்சிய வகையில் கோப்புகள் இரண்டு டிஸ்கிலும் துண்டுதுண்டாகப் பரவுகின்றன. வேகம் கூடும், ஒன்று கெட்டால் இரண்டும் போச்சு. முதல் வகை இரண்டிலும் ஒன்றையே எழுதும், நல்லதுதான். ஆனால் கை தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். மழைவெள்ளம் வீட்டுக்குள் வந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் ஒரு கட்டளையில் அழிந்தன. காப்புப் பிரதியும் பழுது. வீட்டிலிருந்தபடியே வேலை செய்துவந்த கேலின் சூஸ்மன் என்ற அலுவலரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. நமக்கு அப்படி வாய்க்கவில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதற்கு முந்தைய நடராஜ முதலியாரின் மௌனப்படம் ‘கீசகவத’மும் அவ்வாறே. 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சேர்ந்தே சாம்பலாயின.

இணையத்தில் ஏற்றிவிடலாம் என்பார்கள். கூகுள் டிரைவ் விலையின்றித் தருவது 15 ஜிகாபைட். நம் ஒரு மணி நேரப் படத்தில் மூன்றிலொரு பங்கு. பணம் கட்டி இடம் வாங்கினாலும், நொடிக்குப் பத்து மெகாபிட் வேகத்தில் 45 ஜிகாபைட்டை ஏற்றப் பத்து மணி நேரம் ஆகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன! அன்று இணையம் எங்கே, ஏற்றுவது எங்கே?

என் துணிபு இதுதான்: 500 ஜிகாபைட்டில் நடுத்தர எஸ்.எஸ்.டி. ஒன்று, இரண்டு டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று, அதே அளவில் வெளியே எடுத்து வைக்கும் டிஸ்க் இன்னொன்று. பணம் போதாதென்றால் குறைக்க வேண்டியது முதலாவதன் வேகத்தை, மூன்றாவதை அல்ல. எழுதி எழுதியே எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள ஒன்றில் நாளுக்கு 50 ஜிகாபைட் எழுதினாலும் பதினாறு ஆண்டு ஓடும்.

கேம் அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிரதி எடுப்பது வீண்வேலை. ஆனால் எங்கள் தெருப் பாட்டிமார் பாடிய நடவுப் பாட்டுகளைப் பதினோரு மணி நேரம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நடவு எந்திரம் வந்த பிறகு வயலில் யாரும் பாடுவதில்லை. அவற்றின் ஒரு பிரதி எங்கள் வீட்டில், இன்னொன்று மயிலாடுதுறையில் மாமா வீட்டு அலமாரியில். மாதம் ஒருமுறை பழைய டிஸ்கை எடுத்துவந்து, புதியன சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறேன். அவ்வப்போது திறந்து ஓட்டியும் பார்க்கிறேன். திறக்காத பிரதியை நம்பக் கூடாது.

நம் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் ஊர் ஊராகப் பதிவு செய்து வருபவற்றை வைக்க நூலகத்தில் ஒரு டிஸ்கும், வேறொரு கட்டடத்தில் இன்னொரு டிஸ்கும் வாங்கித் தாருங்கள். மாதந்தோறும் சரிபார்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நடவுப் பாட்டு முழுவதும் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மூத்தவருக்கு எண்பத்திரண்டு வயது.